படித்துறை இல்லாத காவேரி

திருவானைக்காவல்
ஆடி 26

அன்பு மகள் வேணிக்கு,

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ரோட்டர்டாம் மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. மேட்டூர் திறந்தாயிற்று, நம் கொல்லைக் கிணறும் ஏறிவிட்டது, அப்பா தினமும் எட்டிப் பார்த்து யாரோ விருந்தாளி வந்ததுபோல எனக்கு வந்து சொல்கிறார். போனிலேயே பேசலாமே, எதற்குக் கூரியரில் கடிதம் என்று நினைப்பாய். நான் ஜெயக்குமார் என்று வாயெடுத்தாலே நீ "விடும்மா" என்று போனை வைத்துவிடுகிறாய். இதில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

ஆடிப்பெருக்கன்று அந்த அறிவியல் கூடத்தின் திறப்புக்கு நான் போனேன். போகாதே என்று நீ சொன்னாய், அப்பாவும் "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்றார், ஆனாலும் போனேன். எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்த மஹ்ஜபீன் டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொள்ளிடம் பாலம் தாண்டி, சமயபுரம் பஸ்ஸில் போய் இறங்கினேன். நடுக்கூடத்தில் ஒரு பெரிய மேசைமேல் உன் மாதிரிக் காவேரி ஓடிக்கொண்டிருந்தது. முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்க, குழந்தைகள் மதகைத் தூக்கினால் காவேரியிலும் இறக்கினால் கொள்ளிடத்திலும் தண்ணீர் போகிறது. நம் வீட்டுச் சமையலறையில் சப்பாத்தி மாவைப் பிசைந்து தீவு செய்து, தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயே, அந்தத் தீவின் வளைவுகூட மாறவில்லை. பக்கத்தில் பித்தளைப் பலகையில் 'கருத்தும் வடிவமைப்பும் ஜெயக்குமார்' என்று இருந்தது. உன்னோடு கல்லூரியில் படித்தவன், இரண்டு பேரும் சேர்ந்து செய்வோம் என்று உன்னிடம் வரைபடத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு, கூடத்தைக் கட்டும் டிரஸ்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொன்னவன். அதற்குப் பிறகு நீ உனக்கென்று ஒரு கோடுகூட வரையவில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் சொன்னார், அவர் மேல் கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பலகையைப் படித்ததும் அவனைத் தேடிக் கிளம்பினேன். மஹ்ஜபீன் என் முழங்கையைப் பிடித்து, "குழலி, இங்க கத்திடாதே, கத்துனா நாமதான் பைத்தியம்னு ஆயிடும்" என்றாள்.

நான் கத்தவில்லை. மேசையைச் சுற்றி வந்து பார்த்தேன். எல்லாவற்றையும் எடுத்தவன் ஒன்றை மட்டும் விட்டிருந்தான். முன்பக்கத்தில் நீ வரைந்து வைத்திருந்த படித்துறை இல்லை. நீ ஒரு கோடை முழுவதும் அம்மா மண்டபத்தில் நின்று மனிதர்களின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாய், வெயிலில் நின்று கறுத்துப் போகிறாயே என்று நான் திட்டினேன். அப்போது நீ சொன்னது எனக்குப் பாடமாகவே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நாம் சொல்கிறதைச் செய்ய மாட்டார்கள், அவர்கள் கை பழகியதைத்தான் செய்யும், அதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பொருளைச் செய்ய வேண்டும் என்றாய். நம் ஊர்க்காரர்கள் காவேரியைக் கண்டால் காசு போடுவார்கள், பூப் போடுவார்கள் என்றுதான் படிக்கட்டுக்கு அடியில் சல்லடை வைத்தாய், காசு தனிப்பெட்டியில் விழும்போது ஒரு சக்கரம் சுற்றி வயலுக்குத் தண்ணீர் இறைக்கும்படி செய்தாய். பள்ளியில் நான் மாட்டிய வரைபடத்தில் திருச்சி இருக்கும் இடம் மட்டும் வருஷா வருஷம் தேய்ந்து வெள்ளையாகிவிடும், ஒவ்வொரு பிள்ளையும் "டீச்சர், நாம இங்க இருக்கோம்" என்று அங்கேதான் விரல் வைக்கும். நான் அந்த இடத்தில் சின்னக் காகிதம் ஒட்டி ஒட்டி மாற்றுவேன், அந்தப் பிள்ளைகளை ஒருநாளும் அடித்ததில்லை. உன் படித்துறையும் அப்படித்தான். அதைக் காட்டியபோது ஜெயக்குமார் உன்னைப் பார்த்துச் சிரித்து, "சயின்ஸ் கேலரியில படித்துறை எதுக்கு, ஐயரையும் உக்கார வச்சிடலாமா" என்று கேட்டு, அந்தத் தாளை மட்டும் உன்னிடமே விட்டுவிட்டுப் போனான், எனக்கு மறக்கவில்லை.

வேணி, அன்றைக்கு ஆடிப்பதினெட்டு. வந்த பெண்களில் பாதிப்பேர் காலையில் அம்மா மண்டபத்தில் கும்பிட்டுவிட்டு மஞ்சளும் பூவும் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் பர்ஸைத் திறந்து ஒரே ஒரு ரூபாயை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி நிதானமாக உன் காவேரியில் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் போடச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் மருமகளிடம், "நீயும் போடும்மா, புதுசாக் கல்யாணம் ஆனவ" என்றாள், அவள் போட்டாள், அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. காசு, பூ, காதோலை கருகமணி, யாரோ ஒரு எலுமிச்சம்பழம்கூடப் போட்டார்கள். மதகு பாதியில் சிக்கிக்கொண்டது, பம்பு ஒரு மாதிரி இருமியது, தண்ணீர் ஏறி ஏறி ஸ்ரீரங்கம் முழுகி, மேசை விளிம்பைத் தாண்டிச் சிறப்பு விருந்தினரின் ஷூவில் ஊற்றியது. ஜெயக்குமார் ஓடிவந்து, "காசு போடாதீங்க, இது கோயில் இல்லங்க!" என்று கையைக் கையை ஆட்டினான். ஒரு அம்மாள் விடவில்லை, "காவேரின்னு நீங்களே போர்டு வச்சுட்டு, காசு போடாதேன்னா எப்படிங்க?" என்று கேட்டாள், கூடமே சிரித்தது. பஸ்ஸில் திரும்பும்போது மஹ்ஜபீன், "வரிசையில முன்னால நிக்கற பிள்ளை என்ன செய்யுதோ பின்னால நிக்கறதும் அதையே செய்யும்னு உனக்குத் தெரியாதா, பாவம், ஒண்ணும் தெரியாத டீச்சர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாளே அவன் வீட்டுக்கு வந்தான், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. "ஆன்ட்டி, அந்தப் படித்துறை டிராயிங் எங்கிட்ட இல்ல, காலாண்டு லீவுக்குள்ள சரி பண்ணலைன்னா டிரஸ்ட்ல அடுத்த ரெண்டு ஹாலும் வேற ஆளுக்குப் போயிடும், வேணியோட புது நம்பர் குடுங்க, அவளுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை" என்றான். பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டேன். "கம்பெனி ஓனர் பேருதான் ஆன்ட்டி போடுவாங்க, வேணும்னா கீழ நன்றின்னு சின்னதா சேர்த்துடறேன்" என்றான். சின்னதா! நான் காபி கொடுத்தேன், இளகிவிட்டேன் என்று நினைக்காதே, குடித்து முடிக்கும்வரை அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன், ஆறவும் வைக்கவில்லை. உங்கள் கல்லூரிக் காலத்திலிருந்து நான் வாடா போடா என்றே கூப்பிட்டவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன். அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது. ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அப்பாவுக்குத்தான் வருத்தம்.

அவன் எப்படியாவது உன் நம்பரைப் பிடித்துவிடுவான். அழுவான், பிள்ளைகள் படிப்பு, ஆபீஸ் வாடகை என்பான், நீ உடனே அனுப்பிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அனுப்பாதே. அந்தப் பலகை இறங்கி, உன் பெயர் தனியாக, முதல் வரியில், அவன் பெயர் எழுதியிருந்த அதே அளவு எழுத்தில் ஏறி, அதை நான் கண்ணால் பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் படித்துறை. உன் பொருளை நானே கெடுக்கிறேன் என்று நினைக்காதே, படித்துறை இல்லாமல் அங்கே ஓடுவது உன்னுடையதே அல்ல.

புரட்டாசி பிறக்கும்வரை அவனுக்குத் தவணை. அதற்குள் பலகை மாறாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை, சமயபுரத்துக்குக் கூட்டம் போகிற நேரம் பார்த்து, நானே போய் அந்த மதகின் கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொள்ளப் போகிறேன். அடுத்த கயிற்றை யார் கட்டுவார்கள் என்று எனக்குக் கவலை இல்லை. மாசம் திரும்புவதற்குள் அங்கே விளக்கு வந்துவிடும், அப்புறம் அவனாலும் முடியாது, டிரஸ்டாலும் முடியாது, அதை அந்த இடத்தைவிட்டு ஒருவரும் நகர்த்த முடியாது. என்ன வேண்டுதல் என்று யாராவது கேட்டால் உன் பெயரைச் சொல்லுவேன்.

தீர்க்காயுசாக, கையும் மனசும் ஓயாமல் நீ இருக்க வேண்டும். அவனும் நன்றாக இருக்கட்டும் என்று எழுதச் சொல்லி அப்பா பக்கத்தில் நிற்கிறார், எனக்குக் கை வரவில்லை. தெரியாத நம்பர் எதையும் எடுக்காதே. இன்றைக்கே ஒரு தாளை எடுத்து ஏதாவது வரை, கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
மட்டுவார்குழலி