டாக்டர் கேட்டதற்கு நான் சொன்ன பதில்

மாப்ள, மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட்ட என் மச்சானுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் வருஷத் திதி. அக்கா எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். சமையலுக்கு ஆள் பிடித்தாயிற்று. உங்களுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் உண்டு. நான்தான் ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பத்திரிகைக்கு அனுப்புகிறேன், ஞாயிறு கழித்துப் போடச் சொல்லி. நாலு பேர் காதுபட உங்கள் பெயரைக் கெடுத்தவன் நாலு பேர் கண்படத்தானே எழுத வேண்டும்?

போன சனிக்கிழமை என் ஸ்கூட்டரில் நசுங்கிய இடத்துக்குப் பெயிண்ட் அடிக்க, மேலூரில் நீங்கள் இருபது வருஷம் வேலை பார்த்த அதே பட்டறைக்குப் போனேன். மதுரையில் என் வீடு இருக்கிற கே.கே. நகரில் இல்லாத பட்டறையா என்று கேட்பீர்கள். வண்டியில் இருப்பது நீங்கள் கலக்கிய நீலம். வேறெங்கும் அந்த நிறம் வராது என்று நினைத்தேன். உங்களோடு வேலை பார்த்த சேகர் இப்போது தனியாகத்தான் அடிக்கிறார். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டக்கூடாது என்று ஷட்டரை இறக்கி, இடுக்கையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்தார். மூக்குக்கு ஒரு கைக்குட்டை. "வெளிய உக்காருங்க சார், வாடை ஒத்துக்காது" என்றார். நான் பெரிய ஆராய்ச்சிக்காரன் அல்லவா, உள்ளேயே நின்றேன்.

மத்தியானம் முழுக்க நின்றேன். வெளியே வந்தபோது தலை கிறுகிறுத்தது. கண் எரிந்து சிவந்திருந்தது. நாக்குக் குழறியது. பெயிண்ட் காயட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன். படியில் கால் இடறியது. கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, நீயுமாடா?"

"நா குடிக்கலக்கா."

"அவுகளும் இதத்தான்டா சொன்னாக" என்று சொல்லிவிட்டு, எனக்கு மோர் கலக்கப் போனாள்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், மச்சான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் வாத்தியார். காற்றிலும் தண்ணீரிலும் கலக்கிற ரசாயனங்கள் கல்லீரலை எப்படிக் கெடுக்கின்றன, செடிகளில் இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அதை எவ்வளவு தடுக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. எலிகளுக்கு, பெயிண்டில் கலக்கிற தின்னர் மாதிரியான ரசாயனத்தைக் கொடுப்போம். அவை தள்ளாடும். நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு கீழாநெல்லிச் சாறு கொடுத்து, ஈரல் தேறுகிறதா என்று பார்ப்போம்.

அந்தக் கீழாநெல்லியை ஞாயிற்றுக்கிழமைதோறும் வயல் வரப்பில் குத்தவைத்துப் பறித்து, வேர்மண்ணை அலசி, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தவர் நீங்கள். "எங்க மாப்ள டாக்டராகப் போறாரு, ஊசிதான் போடத் தெரியாது" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமை பேசிக்கொண்டே வருவீர்கள். என் ஆய்வேட்டில் 'செடிகள் மேலூர் வட்டாரத்தில் சேகரிக்கப்பட்டன' என்று இருக்கிறது. யார் சேகரித்தார் என்று இல்லை.

எலி தள்ளாடினால் ரசாயனம், மச்சான் தள்ளாடினால் சாராயம். இதுதான் நான் படித்த படிப்பு.

ஒருநாள் சாயங்காலம் மேலூர் பஸ் ஸ்டாண்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கண் சிவந்திருந்தது. என்னோடு கல்லூரிக்காரர்கள் இருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். என்னைப் பார்த்தீர்களா? இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டு, "மச்சான் பையச் சோதிச்சுப் பாருக்கா" என்றேன். பாட்டில் எதுவும் இல்லை என்றாள். "வெவரமா மறைக்கிறாரு" என்றேன். சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னேன்.

காமாலை வந்து வயிற்றில் நீர் கோத்தபோது ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போனவனும் நான்தான். "குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்டார். நீங்கள் வாயெடுப்பதற்குள் "குடிப்பாரு சார்" என்றேன். எழுதிக்கொண்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்வி வரவே இல்லை. அதுதான் காரணம் கிடைத்துவிட்டதே. நீங்கள் மறுக்கவில்லை. படித்த மச்சினனை டாக்டர் முன்னால் பொய்யனாக்க உங்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. வராண்டாவுக்கு வந்த பிறகுதான் சொன்னீர்கள்.

"நா அதத் தொட்டதே கெடையாது மாப்ள."

"எல்லாக் குடிகாரனும் சொல்றதுதான் மச்சான்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

வைத்தியத்தையும் நான் விடவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னேன். "குடிய மட்டும் நிப்பாட்டுங்க. வேலைக்குப் போங்க, ஒடம்பு அசஞ்சா நல்லது" என்றேன். என் எலிகளுக்குக்கூட விஷத்தை நிறுத்திவிட்டுத்தான் சாறு கொடுத்தேன். உங்களுக்குக் காலையில் மோரைக் கொடுக்கச் சொல்லி, ஒன்பது மணிக்குத் தின்னருக்கு அனுப்பினேன். முடிகிற மட்டும் போனீர்கள்.

தின்னர்தான் உங்களைக் கொண்டுபோனது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் குடித்தீர்கள் என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இருந்ததில்லை. அதை மட்டும் எவ்வளவு தைரியமாகச் சொன்னேன். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் ஊர் அதைக் கள் என்றுதான் சொல்லும் என்பார்கள். உங்கள் விஷயத்தில் ஊர் பிறகுதான் சொன்னது. முதலில் சொன்னவன் நான்.

அக்கா மோரோடு வந்தாள். பட்டறைக்குள் நின்றதைச் சொன்னேன். டம்ளரைப் படியில் வைத்துவிட்டாள்.

"அப்ப அவுக...?" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "கடேசி ஆறு மாசம் அவுக மூஞ்சியப் பாத்து ஒரு வாய் சோறு போடலயேடா" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். டாக்டரிடம் அம்புட்டு வேகமாக வந்த பேச்சு அக்காவிடம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, மச்சான். இதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சேகரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததுமே "பெயிண்ட் அடிக்கிறவரு சார், மூடின ஷெட்டுக்குள்ள" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். குடிப்பாரா என்ற கேள்விக்கு அவரையே பேசவிட்டேன். நல்ல முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஷட்டரைத் திறந்து வைக்கச் சொன்னால், "தூசி ஒட்டுமே சார்" என்கிறார். ஒட்டினால் ஒட்டட்டும் என்றேன். ஸ்கூட்டரில் அந்த நீலம் சரியாக வரவில்லை. இரண்டு நீலத்தோடு அப்படியே ஓட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தி போடுவதற்கு முன்னால், உங்கள் படத்தின் பக்கத்தில் நிற்பேன். உங்களைக் குடிகாரர் என்று நான் யார் யாரிடமெல்லாம் சொன்னேனோ, அத்தனை பேரும் வந்திருப்பார்கள். பையைச் சோதிக்கச் சொன்னதன் வினையை அக்கா சுமக்கிறாள். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது இன்னும் அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னை வீட்டுப்படி ஏறவிடாவிட்டாலும் சரி. கடைசியாக, அன்றைக்கு டாக்டர் கேட்ட கேள்விக்கு உரிய பதிலை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

"எங்க மச்சான் குடிக்க மாட்டாரு."

உங்கள் படத்தின் மேல் சத்தியமாக,
உங்கள் மாப்ள