நாலு காலிக் கட்டம்

புதன், இரவு.

படுத்தும் தூக்கம் வரல. இன்னைக்குக் கம்பெனியில தப்பு பண்ணினது நான். அளவு பார்க்காம ஒரு ட்ரே பார்ட்ஸை அப்படியே பாஸ் பண்ணிட்டேன். மேனேஜர் சார், தப்புக்குக் காரணம் எழுதுற ஃபார்மை நீட்டினார். லைன்ல யார் தப்பு பண்ணினாலும் சூப்பர்வைசர்ங்கிற முறையில நான்தான் அதை நிரப்புவேன். அதுல அஞ்சு கட்டம் இருக்கும். 'ஏன்?'னு எழுதி, அந்தப் பதிலுக்கு இன்னொரு 'ஏன்?'னு கீழே போகணும்.

எனக்கு அஞ்சு கட்டம் பத்தல. பாப்பாவுக்குக் காய்ச்சல், ராத்திரி கண்ணே மூடல, ஜூஜுவாடி டிராஃபிக்ல பஸ் நின்னுடுச்சு, லைன்ல ரெண்டு பேர் லீவு. மிச்சத்தைப் பின்பக்கம் எழுதினேன். "பாவம்மா நீங்க"ன்னு சொல்லி சார் கையெழுத்துப் போட்டார்.

அதை ஃபைல்ல வைக்கப் போனா, போன மாசத்துப் பேப்பர் கண்ணுல பட்டுது. எங்க லைன்ல கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிற, வேப்பனப்பள்ளியில இருந்து வர்ற மஞ்சுளாவோடது. இதே தப்புதான். முதல் கட்டத்துல 'அலட்சியம்'னு என் கையெழுத்து. மத்த நாலும் காலி.

அன்னைக்கு அவ, "அக்கா, காலையில வீட்ல..."ன்னு ஆரம்பிச்சா. "காரணம் சொல்லாத"ன்னு வாயை அடைச்சுட்டேன். வீட்ல என்ன நடந்துச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் பேப்பரை வச்சுத்தான் அவ கான்ட்ராக்ட்டை நீட்டிக்கலாமா வேண்டாமான்னு பேசப் போறாங்க.

அவளுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன், வச்சுட்டேன். இந்நேரம் தூங்கியிருப்பா. அன்னைக்கு எனக்கும் மேலே இருந்து நெருக்கடி, அதனாலதான் அப்படிக் கத்தினேன்.

பாரு, மறுபடியும் எனக்குத்தான் காரணம் எழுதிட்டிருக்கேன்.