நிரல் மந்திரவாதியின் கடைசி வரி

யூலை 5, சனி

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், சுதாகரன் ஆகிய எனது மேலுதட்டில் ஏழாவது மீசைமயிர் இன்று காலை ஆறு பத்துக்கு முளைத்துள்ளது. தங்கச்சி நிரோஜா அதைத் தூசி என்று சொல்லி ஊதிப் பார்த்தாள். அசையவில்லை. வரலாறு அசையாது.

இரண்டாவது செய்தி. சிறாஜ் அண்ணாவின் வாப்பாவுக்கு முல்லைத்தீவில் போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அதன் பின்னறையில்தான் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் பகடை விளையாடுகிறோம். தாயம் மாதிரி இல்லை. சிறாஜ் அண்ணா கதை சொல்லுவார்: காடு, கோட்டை, பூதம். நாங்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் இறங்குவோம். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். சட்டங்களை அவரே தமிழில் எழுதிப் புத்தகமாக்குகிறார். ஓகஸ்ட் விடுமுறையில் வவுனியாவில் இன்னொரு குழுவோடு அதை வைத்து விளையாடப் போகிறோம். புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் மிச்சம். புது மந்திரவாதி வகை ஒன்றுக்கு.

அந்தப் பக்கம் எனது. என் 'பகிடி மந்திரவாதி' பன்னிரண்டு மந்திரங்களோடு தயார். எதிரியைச் சிரிக்க வைத்தே விழுத்துவான். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். காட்டவில்லை. தங்கத்தை யார் சந்தையில் விரிப்பார்கள்?

யூலை 12, சனி

புதிதாக ஒருத்தி வந்தாள். வினோஜா. என் வகுப்புத்தான், ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வகுப்பில் ரீச்சர் கேட்டாலொழிய வாயே திறக்கமாட்டாள். இன்று திறந்தாள்.

'நிரல் மந்திரவாதி' என்று ஒருவனைச் செய்துகொண்டு வந்திருக்கிறாள். கணினிக்கு நிரல் எழுதுகிற மாதிரி மந்திரம் எழுதுகிறவன். மற்ற மந்திரவாதிகள் ஆபத்து வந்த பிறகு கை தூக்குவார்கள். இவன் காலையிலேயே தாளில் எழுதி வைத்துவிடுவான் — இப்படி நடந்தால் இதைச் செய், நடக்காவிட்டால் காத்திரு, இத்தனை முறை முடிந்தால் நிறுத்து. அதன் பின் மந்திரம் தானே ஓடும். ஓடுகிற ஒவ்வொரு முறையும் அவனது உயிர்ப்புள்ளியில் ஒன்று குறையும். எழுதினதில் பிழை இருந்தால் பிழையும் சேர்ந்து ஓடும்.

முதல் மந்திரத்தின் பெயர் யானைவெடி.

சத்தம் கேட்டால் வெடி.
கேட்காவிட்டால் காத்திரு.
மூன்று வெடி முடிந்தால் நிறுத்து.

"எங்கட அப்பா ஆக்கள் அப்பிடித்தான் வயலுக்குக் காவல் இருக்கிறவை," என்றாள். "மூண்டு போட்டிட்டு நிப்பாட்டிக் காது குடுக்கோணும். இல்லாட்டி யானை எந்தப் பக்கம் போச்சுதெண்டு தெரியாது."

சிறாஜ் அண்ணா பேனையைக் கீழே வைத்துவிட்டார். "இது நல்லாயிருக்கே" என்று மூன்று தரம் சொன்னார். (எனக்கு இதுவரை ஒரு தரம். அதுவும் அவரது செருப்பைத் தேடிக் கொடுத்ததற்கு. ஒளித்ததும் நான்தான்.) நவ்பர் தன் கதிரையை என் பக்கத்திலிருந்து இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். ஐந்து வருடச் சிநேகிதன். கதிரைக்கு நாலு கால். நாலும் துரோகி.

யூலை 13, ஞாயிறு

அவளுடைய எழுத்து ஒன்றும் அவ்வளவு வடிவில்லை.

யூலை 16, புதன்

வடிவுதான். அதுதான் எரிச்சல்.

பென்சிலால் எழுதுகிறாள். ஏன் என்று நவ்பர் கேட்டதற்கு, "நிரலெண்டா மாத்த வேண்டி வரும்தானே" என்றாளாம். அவன் அதை ஏதோ தேவவாக்கு மாதிரி என்னிடம் வந்து ஒப்புவித்தான். "டேய், நீ எனக்குச் சிநேகிதனா, அவளுக்கு ஒலிபெருக்கியா?" என்று கேட்டேன். சிரிப்பான் என்று பார்த்தேன்.

"உன்ட பகிடி மந்திரவாதியை எப்ப காட்டப் போறாய்?" என்றான்.

யூலை 19, சனி

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. விளையாட முன் ஒவ்வொருவரின் தாளையும் கொப்பி அடித்து எல்லாருக்கும் கொடுப்போம். அதன் பிறகு தாளில் இருப்பதுதான் மந்திரம். "நான் நினைச்சது வேற" என்பதெல்லாம் செல்லாது. போன வருடம் நவ்பர் தன் வாளை எழுத மறந்து, ஒரு மாதம் அகப்பையோடு சண்டை பிடித்தான்.

இன்று நான்தான் கொப்பி அடித்தேன். நானே கேட்டு வாங்கின வேலை.

மெசின் கண்ணாடியில் வைக்க முன் அவளுடைய தாளின் கடைசி வரியை அழிறப்பரால் அழித்தேன். ஒரே ஒரு வரி. பகிடிக்கு.

காட்டுக்குள் போனோம். யானைப்பூதம் ஒரு கொப்பை முறித்தது. சத்தம். வெடி வெடித்தது. பூதம் திரும்பி ஓடியது. எல்லாரும் கைதட்டப் போக, சிறாஜ் அண்ணா தாளைப் பார்த்தார்.

"வெடிச்சது சத்தமா, இல்லையா?"

"சத்தம்தான்," என்றாள் வினோஜா.

"அப்ப திரும்ப வெடிக்கும். எப்ப நிக்கும்?"

அவள் தாளைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

வெடிச் சத்தத்துக்கு ஒரு வெடி, அந்தச் சத்தத்துக்கு இன்னொரு வெடி. பதினான்கு உயிர்ப்புள்ளிகளையும் சிறாஜ் அண்ணா ஒவ்வொன்றாக வெட்டினார். நவ்பர் சிரிக்கத் தொடங்கி ஆறாவதில் நிறுத்திவிட்டான். நான் பதினொன்று வரை சிரித்தேன்.

"என்ர பிழைதான். மறந்திட்டன் போல," என்றாள். "அண்ணா, என்ர மந்திரவாதியைப் புத்தகத்தில போடாதேங்கோ. சுதாகரன்ர தயாராத்தானே இருக்கு, அதைப் போடுங்கோ."

அடுத்த சனிக்குள் பன்னிரண்டையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பக்கம் எனக்கு. வென்றுவிட்டேன்.



யூலை 22, செவ்வாய்

கணினிப் பாடத்தில் ரீச்சர் ஒரு கேள்வி கேட்டா. வினோஜாவுக்கு விடை தெரியும். உதடு அசைந்தது, கை எழும்பவில்லை.

"என்ன பிள்ளை, நீர் சொல்லுவீரே?"

"வேற ஆரும் சொல்லட்டும் ரீச்சர். நான் ஏதாவது விட்டிடுவன்."

அவளுடைய கொப்பியை எட்டிப் பார்த்தேன். எல்லா நிரலின் முடிவிலும் 'நிறுத்து' என்று இரண்டு தரம் எழுதியிருந்தாள். பேனையால்.

யூலை 24, வியாழன்

வினோஜா வவுனியாவுக்கும் வரவில்லையாம். நவ்பர்தான் சொன்னான். "நீ வாறாய்தானே, சிரிக்க வைப்பாய்," என்றான், சிரிக்காத முகத்தோடு.

எனக்கென்ன? நான் அவளை வரவேண்டாம் என்றேனா? ஒரு வரி. பென்சில் வரி. சரிபார்க்காமல் தந்தது ஆர் பிழை? — சரிபார்த்துத்தான் தந்தாள். சரிபார்த்துத் தந்த பிறகுதானே நான்... போடா. ஆரை ஏய்க்கிறாய்?

அந்த மந்திரவாதி நல்லவன். நான் யோசித்திருக்க வேண்டியவன். எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்துவிட்டான். இவ்வளவுதான் விசயம்.

யூலை 26, சனி

சொல்லிவிட்டேன். பகடை எடுக்க முன், எல்லாருக்கும் முன்னால். ஒரு பகிடியோடு தொடங்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது "அழிச்சது நான்" மட்டும்.



வினோஜா என்னைத் திட்டவில்லை. "அப்ப நான் எழுதினனான்," என்றாள். சிறாஜ் அண்ணாவைப் பார்த்து இன்னொரு தரம்: "எழுதினனான், அண்ணா." பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கிழமையா எனக்கு முன்னால இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீர்?"

"ஓம்."

"அப்பாவிட்டையும் சொல்லிப்போட்டன், எனக்கு இந்தப் பாடம் சரிவராதெண்டு."

 

சிறாஜ் அண்ணா பக்கத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்தார். எனக்கு வவுனியா இல்லை. நவ்பர் "நீயாடா?" என்று மட்டும் கேட்டான். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஓகஸ்ட் 9, சனி

காலை ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். புத்தகக் கட்டுகளை நான்தான் தூக்கி ஏற்றினேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகப் போனேன். வினோஜா யன்னல் பக்கம் இருந்தாள். பஸ் இழுக்கிற நேரம் தலையை வெளியே நீட்டினாள்.

"உம்மட ஆள் எப்பிடிச் சிரிக்க வைக்கிறவர்? எனக்கு அது விளங்கவேயில்லை. வந்து பாக்கிறன், பன்னிரண்டையும் எடுத்து வையும்."

நக்கல் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால், இல்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்படுகிறாள்.

தலையாட்டினேன். பஸ் போய்விட்டது.

இந்தக் கொப்பியிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறேன். அதையாவது திருத்துகிறேன். பன்னிரண்டு மந்திரம் இல்லை. ஒன்றுமே இல்லை. 'பகிடி மந்திரவாதி' என்ற தலைப்பு மட்டும்தான் இருக்கிறது. நாலு நிறத்தில், கீழே இரட்டைக் கோடு.