தூக்கவில்லை, இழுத்தான்

14.05.2024
தம்பி யூட்சனின் கணையத்தில் பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீர்க்கட்டி. புற்று இல்லை, போன மாத அழற்சியின் மிச்சம். சுவர் தடிக்க ஆறு கிழமை வேண்டும், பிறகு வெட்டலாம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். சிங்களவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தம்பிக்குத் தமிழில் சொன்னேன். குடிக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது.
தானாக வற்றாதா என்று கேட்டேன். சிலருக்கு வற்றும், இவருக்கு எப்படியோ தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்கிற மனிதர். நம்பலாம்.

22.05
தம்பியின் மனைவி ஸ்ரெல்லா மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். நான் கலண்டரில் நாட்களை வெட்டுகிறேன்.

13.06
பத்தாம் வகுப்பில் படிப்பித்துக்கொண்டு நிற்கையில் அழைப்பு. நாயாற்றுக் கடற்கரையில் தம்பி சுருண்டு விழுந்துவிட்டான். அம்புலன்சில் வவுனியா ஆஸ்பத்திரி. ஸ்கானில் கட்டிக்குள் இரத்தக்கசிவு.
ஏன் தூக்கினாய் என்று கேட்டேன்.
"ஒண்டும் தூக்கேல்லை அக்கா. கரைவலை இழுத்தனான், அவ்வளவுதான்."
இழுத்தானாம். இடுப்பில் பட்டியைக் கட்டி, கடலில் கிடக்கும் வலையின் கயிற்றில் கொளுவி, முழு உடம்பாலும் சாய்ந்து பின்னுக்கு நடப்பது. பட்டி அமத்துவது எங்கே? கட்டிக்கு மேலேதான்!
கரைவலைக்காரனின் மகள் நான். அவனுக்குப் பாரம் எதெண்டு எனக்குத் தெரியாதே? டொக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழில மாத்திக் குடுத்திட்டு வந்திருக்கிறன் — படிச்ச மடைச்சி.

14.06, காலை
ஸ்ரெல்லா சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தை என்னிடம் நீட்டினாள். "மச்சாள், நீங்கள் சொன்னால் ஒப்பம் வைக்கிறன்."
மருத்துவரிடம் இரண்டு கேள்விகள். இரத்தம் கசியும் குழாயைக் கட்டலாமா? கட்டலாம். ஆறு கிழமை ஆகாத சுவர் தையலைத் தாங்குமா? திறந்தால்தான் தெரியும்.
"வையும்" என்றேன். இதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மாலை
நாலு மணித்தியாலம். வலைக்காரர் ஆறு பேர் மீன் மணத்தோடு வந்து இரத்தம் கொடுத்தார்கள். மூத்தவர் சின்னராசா, "இனி உடம்பில ஓடுறது எங்கட ரத்தம். எண்டாலும் சொல்லுக் கேக்கமாட்டான்" என்றார். ஸ்ரெல்லா சிரித்தாள்.
குழாயைக் கட்டியாயிற்று. சுவர் தாங்கியது. இரைப்பையின் பின்பக்கத்தில் வழி வெட்டி, கட்டியின் வாயோடு சேர்த்துத் தைத்திருக்கிறார். மிச்ச நீர் இரைப்பைக்குள் வடியும்.

17.06
காய்ச்சல் இல்லை.

21.07, ஞாயிறு
புதன்கிழமை ஸ்கானில் கட்டி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். கரைக்குப் போகலாமா என்று அவன் கேட்டான். பட்டி, கயிறு, எப்படிச் சாய்வது எல்லாவற்றையும் மருத்துவருக்கு எழும்பி நின்று செய்து காட்டினேன். மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்றார்.
மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. எனக்கு வைத்த மீன் தலையைத் தம்பி, சின்ன வயதில் போலவே, கேட்காமல் எடுத்துத் தன் சோற்றுக் கோப்பையில் போட்டான். ஸ்ரெல்லா என்னைப் பார்த்தாள். நான் சொதிச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.