உயிலில் இல்லாத பெயர்

அக்கா,

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் சிக்னலில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. அதன் கதவில், நீல எழுத்தில், உங்கள் பெயர். கீழே சிறியதாக 'நினைவாக' என்று ஒரு சொல். உள்ளே வயதான சீனர் ஒருவர் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். கையில் டயலிசிஸ் முடித்த கட்டு. பச்சை விளக்கு விழுந்ததும் வேன் போய்விட்டது. நான் கடக்காமல் அங்கேயே நின்றேன். பெருமைப்பட வேண்டிய இடம்தான். என்னால் முடியவில்லை.

அந்த வேன் உங்களுக்கு ஏன் அத்தனை முக்கியம் என்பது எனக்குத் தெரியும். ஒரே மருத்துவமனையில் நர்ஸ் மிஸ்ஸிகளாக வேலை பார்த்தவர்கள் நாம். ஓய்வுக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று முறை நீங்களே டயலிசிஸ் நாற்காலியில் போய்ச் சாய்ந்தீர்கள். பக்கத்து நாற்காலியில் செலாயாங்கிலிருந்து வரும் லோரி டிரைவர். கண் மங்கி வண்டி ஓட்ட முடியாமல் போனதும், கொண்டுவந்து விட ஆளில்லாமல் அவர் ஒரு முறை தவறினார், இரண்டு முறை தவறினார், பிறகு வரவே இல்லை.

"நோய்ல சாகல அவரு. வண்டி இல்லாம செத்தாரு" என்றீர்கள்.

நோயாளிகளை இலவசமாக ஏற்றிச் செல்லும் சங்கத்துக்கு வீட்டை எழுதிவைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டீர்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள்.

கையெழுத்துப் போடப் போன அன்று, வக்கீல் அலுவலகத்து லிஃப்டில்தான் கேட்டேன். "ஜெசிந்தாவுக்கு ஒண்ணும் எழுதலையா அக்கா?"

"தங்கச்சிக்கு என்னலா குறை? மகன் செமினியில வீடு வாங்கியிருக்கான். அம்மாவுக்குன்னு தனி ரூம் வச்சிருக்கான். நான் போனதும் அங்க போயிருவா."

உங்களைக் கவனித்துக்கொள்ள ரவாங்கில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள் உங்கள் தங்கை ஜெசிந்தா. கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்புதான், உங்கள் சமையலறையில், குரலைத் தாழ்த்தி என்னிடம் சொல்லியிருந்தாள். தன்னை வைத்துக்கொள்ள முடியாது என்று மகன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டானாம். "அக்காகிட்ட சொல்லிராதீங்க மிஸ்ஸி. முடியாத மனுஷி, இதையும் நெனச்சுக் கவலைப்படுவாங்க." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

லிஃப்ட் கதவு திறக்கும்வரை நேரம் இருந்தது. பல மாதங்களாகக் காணாத ஒரு தெளிவு உங்கள் முகத்தில் இருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை. கொடுத்த வாக்கும் நல்ல சாக்காகிவிட்டது.

உங்கள் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த பிறகு, அதே சமையலறையில் உயிலைப் படித்துக் காட்டினேன். ஜெசிந்தா அழுவாள், கத்துவாள் என்று பயந்திருந்தேன். காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எப்ப காலி பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள்.

சங்கத்துக்கு ஓடினேன். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சங்கத் தலைவர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆன்டி, உங்க வருத்தம் புரியுது. ஆனா அவங்க எழுதினத மாத்த எங்களுக்கு உரிமை இல்ல. வேணும்னா ஆறு மாசம் இருக்கட்டும்." ஜெசிந்தா இரண்டே மாதத்தில் கிளம்பிவிட்டாள். சாவி வாங்கப் போனபோது தரை பளபளத்தது. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருந்தாள். உங்கள் படத்தைக் கேட்டாள், கொடுத்தேன். அவ்வளவுதான் எடுத்துப் போனாள்.

வீட்டை விற்ற பணத்தில் சங்கம் வாங்கிய அந்த வேனைப் பார்த்த மறுநாள் கொமுட்டர் ரயிலேறி ரவாங்கிற்குப் போனேன். ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறாள். கடைகளுக்கு மேலே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். சுவரில் உங்கள் படம். வேனைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "பேர் போட்டிருக்காங்களா? பெருசாவா? அக்கா எத்தன பேரக் காப்பாத்துறாங்க பாருங்க!" அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த லிஃப்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் மகனின் செமினி வீட்டை நம்பித்தான் அப்படி எழுதினீர்கள் என்பதையும், உண்மை தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை என்பதையும்.

அவள் சுவரில் இருந்த உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அக்கா என்ன மறக்கல" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நான்தான் சொல்லாதீங்கன்னேன் மிஸ்ஸி. ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவள் இருக்கும்வரை இருக்கட்டும், பிறகு சங்கத்துக்குப் போகட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அல்லது, வேனுக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் பாவம் என்று அப்படியே விட்டிருக்கவும் கூடும். எனக்குத் தெரியவில்லை. உங்கள் கொடையில் ஒரு குறையும் இல்லை அக்கா. முழுதும் தெரிந்துகொண்டு கொடுக்கும் வாய்ப்பை உங்களுக்கு நான் தரவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவளிடமும் கேட்டுவிட்டேன். 'நீங்க சொல்லியிருக்கலாம்' என்று அவள் சொன்ன அந்த வார்த்தை மட்டும் என்னோடு ரயிலேறி வந்தது. இன்னும் இறங்கவில்லை.