வாசலுக்குள் எழும் புகை

இல்லை, முத்திரையை நான் இன்னும் இடவில்லை. கோடை விழாவுக்குள் புதிய ஊர்திகள் வந்துசேர வேண்டும், தாமதம் ஏன் என்று கேட்டுத் தாங்கள் அனுப்பிய ஓலை கிடைத்தது. அதற்கு விடை இது.

உருகும் பனியால் ஐந்து ஆறுகளை ஈன்ற வெண்கோட்டு நாட்டின் அரசி, முகில்களுக்கு மேலும் ஆணை செல்லும் நல்லினித் தேவியார் திருமுன்பு, வானூர்திகளுக்கு விசைப்பொறி வார்க்கும் உலைமாபுரத்தில் தங்கள் தூதனாக இருக்கும் எயினன் சாத்தன் பணிந்து எழுதியது. தங்கள் ஊற்றுகள் வற்றாதிருக்கட்டும். தங்கள் மலை வெண்மையாகவே விடியட்டும்.

பொறி வார்க்கும் இவ்வூர் விசைக்கூடத்தார், புகை படிந்து பனி கரையும் பனிநாடுகள் அனைத்துக்கும் கொடுத்த உறுதிமொழி தாங்கள் அறிந்ததே. ‘எம் வாசலுக்குள் எழும் புகையைப் பாதியாக்குவோம்’ என்றனர். அதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். உலைகளைக் காற்றாலையும் நீராலையும் ஊதுகின்றன. கூடத்து முற்றத்தில் உலரும் வேட்டி மாலையிலும் வெள்ளையாக இருக்கிறது. இதில் பொய் ஏதுமில்லை. நிறைவேறியது என்று பனிநாடுகளின் சார்பில் நான் முத்திரையிட்டால் உறுதிமொழி முடிந்ததாகும்; அதன் பின்னரே நாம் கேட்ட ஊர்திகள் புறப்படும். பிறகு யாரும் இவர்களிடம் புகையைப் பற்றிக் கேட்க முடியாது.

தயக்கம் ‘வாசலுக்குள்’ என்ற சொல்லில் இருக்கிறது. இவ்வூரில் வார்த்து முடித்த பொறியை மணப்பெண் என்பார்கள். மஞ்சள் பூசி, வாசல்வரை பாடிச் சென்று, வாங்கியவரிடம் ஒப்படைப்பார்கள். பறக்கும்போது அது விடும் புகை உலைப்புகையைப் போல் பல மடங்கு என்று நான் கூறியபோது, கூடத்துத் தலைவர் ஆதன் கீரனார் சிரித்தார். கட்டிக்கொடுத்த பெண்ணின் அடுப்புப் புகைக்குப் பிறந்த வீடு எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டார். அவ்வழக்கு எனக்கும் நியாயமாகவே பட்டது. முத்திரை அரக்கை உருக்கச் சொல்லிவிட்டேன்.

அவ்வேளையில் பழுதான பொறி ஒன்று வண்டியில் வந்தது. இவ்வூர் வழக்கப்படி அதற்கும் ஆரத்தி எடுத்தார்கள். பெண் கறுத்துப்போய் வந்திருக்கிறாளே, மாமியார் வீட்டில் குளிப்பாட்ட ஆளில்லையா என்று வார்ப்புப் பெண்டிர் கேலி பேசினர். தலைவர் அருகே சென்று, அதன் மூடியைத் தட்டிக்கொடுத்தார். இவள் தென்கடல் மேல் பறக்கிறவள், உப்புக்காற்று ஒத்துக்கொள்ளாது, போன மழைக்காலத்திலிருந்து எண்ணெய் கூடுதலாகக் குடிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார். தம் பெண்கள் எங்கே பறந்தாலும் செய்தி தம்மை வந்தடையும், தாய்வீடு மறக்கலாகாது என்றார்.

குடிப்பது தெரிந்தவருக்குப் புகைவது தெரியாதா என்று மட்டும் கேட்டேன். அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார். அதையும் சேர்த்தால் நாங்கள் குறைத்தது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும், உலைக்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வேன் என்றார். அரக்கு ஆறிப்போயிற்று.

மறுநாள் அவரே என் இருப்பிடத்துக்கு வந்தார். ‘வாசலுக்குள்’ என்பதை நீக்கி, பறக்கும் புகையையும் தம் பெயரில் அறிவித்துக் குறைப்பதாகப் புதிய உறுதிமொழி தர இசைகிறார். ஒரே நிபந்தனை: பெண்ணைக் கொண்டுபோன வீடும் பொறுப்பேற்க வேண்டும். ஊர்திகளை வீண் உலாவுக்கு ஏவும் நாடுகள் தம் புகையையும் அவ்வண்ணமே அறிவிக்க வேண்டும். அவற்றுள் முதலில் வெண்கோடு கையொப்பமிட வேண்டும் என்கிறார்.

கோடை விழாவில் பனிமுடியைச் சுற்றிவரத்தான் புதிய ஊர்திகளைக் கேட்டிருக்கிறோம் என்பதை அவர் அறிவார். இவ்வோலையைச் சுமந்துவரும் ஊர்தியின் பொறியும் இவ்வூர்ப் பெண்ணே. அது தங்கள் முற்றத்தில் இறங்கும்போது அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தருள்க.

பணியில் வழுவாமலும் ஆணையை மீறாமலும் எயினன் சாத்தன் தன் மோதிரம் பதித்து அனுப்புகிறான். தலைவரின் புதிய உறுதிமொழி ஓலையில் இரண்டு முத்திரைகளுக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. அவருடையது பதிந்துவிட்டது. வாசலில் நின்றபடியே, உங்கள் அரசி ஒப்புவாரா என்று கேட்கிறார். தேவியாரே, அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?