ஏலத்தோட்டத்தில் தண்ணீர் குடித்த நாட்கள்

8.9.2025, திங்கள்
இந்த வருடம் இரண்டாவது தடவை நீர்க்கடுப்பு. உத்தமபாளையத்து டாக்டரம்மா, "மறுபடி வந்தா கிட்னி வரைக்கும் போயிரும். தண்ணியே குடிக்க மாட்டியா?" என்றார்.

குடிக்க மாட்டேன்தான். விடியக்காலை சுருளிப்பட்டியில் ஜீப் ஏறி, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பதினான்கு பெண்களில் யாருமே குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் சூப்பர்வைசர் சுருளியாண்டி, "எங்கன போற?" என்று தோட்டமே கேட்கக் கத்துவார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பதினொரு மணி நேரம் அடக்குகிறோம். இதில் நான் பி.காம். வேறு.

10.9.2025
கல்லூரித் தோழி பெனாசிர் தன் பழைய ஸ்மார்ட் வாட்சை என் கையில் கட்டிவிட்டாள். தண்ணீர் குடிக்கச் சொல்லி மணிக்கு ஒருமுறை அதிரும். "மனுசன் சொன்னா நீ மல்லுக்கு நிப்ப. இதுகிட்ட நில்லு பாப்போம்."

11.9.2025
மலைக் குளிரில் தாகமே தெரியாது. வாட்ச் அதிர்ந்தது, திடுக்கிட்டுக் கையை உதறிவிட்டுக் குடித்தேன். பக்கத்து வரிசை பஞ்சம்மாக்கா சிரித்தாள்: "என்னடி யுவராணி, கையில அட்டை ஏறிருச்சா?"

ஏழு தடவை குடித்தேன். ஒரு தடவைகூட ஒதுங்கவில்லை. வீடு வருவதற்குள் உயிர் போய்விட்டது. இது என்ன வைத்தியம்?

15.9.2025, திங்கள்
இன்று வேலைக்கு நடுவில் எழுந்துவிட்டேன்.

"ஏ, எங்கன போற?"

"மூத்திரம் பேயப் போறேன். நீங்க போறதே இல்லையா?"

மருந்தடிக்கிற ஆம்பளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் போய்விட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் சுருளியாண்டி, "நாளைக்கு ஜீப்புல ஏறாத" என்றார்.

ஏன் ஏறக் கூடாது? என்னத்தத் திருடிட்டேன்? பொம்பளைக்கு மட்டும் ஒண்ணுக்கு வரக் கூடாதா? ஏறுவேன்.

16.9.2025
ஏறினேன். இறங்கச் சொன்னார். பஞ்சம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ இறங்குனா நாங்களும் இறங்குறோம். காய் வெடிச்சுக்கிட்டு கெடக்கு, நீங்களே போயி எடுத்துக்கங்க சார்."

யாரோ உள்ளேயிருந்து, "சாருக்கு இடுப்புல கூடை கட்டத் தெரியுமாக்கா?" என்றாள். ஒரே சிரிப்பு.

டிரைவர் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

19.9.2025
"யுவராணி, மணி அடிச்சிருச்சா?" — இப்போது நான்கு பேர் கேட்டுக் குடிக்கிறார்கள்.

24.9.2025
வாட்சுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். அப்படியும் குடித்தேன்.

10.10.2025, வெள்ளி
சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை.

கஸ்தூரியம்மாள் எங்களிலேயே மூத்தவர். புருசன் பேரைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவர். நான் பேசிய பேச்சுக்கு ஒரு வாரம் என்னைப் பார்க்கவே கூசியவர். இன்று பதினொரு மணிக்குக் கூடையை அவிழ்த்து வைத்தார். சேலையை உதறிக்கொண்டு, செடிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து போனார். சுருளியாண்டி பார்த்தார், பிறகு சாக்குகளை எண்ணப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் என் பாட்டிலை வாங்கி, மீதித் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார்.